அருமைநாதன் நீக்கிய செயலிகள்

கௌசர் யாருக்கும் குருவாக இருக்க ஆசைப்பட்டவள் இல்லை.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வணிக வளாகம். அதன் இரண்டாவது மாடியில், எட்டடிக்குப் பத்தடியில் அவள் கடை. கண்ணாடி மாற்றுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் கீழ்த்தளக் கடைகளில் நடக்கும். அவர்களால் முடியாத போன்கள்தான் மாடியேறி வரும். வாங்குவாள், மடிக்கணினியில் சொருகுவாள், சரி செய்து திருப்பிக் கொடுப்பாள். வருகிறவர்கள் போனையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்பது வருடமாக இப்படித்தான். அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் பகலில் அருமைநாதன் வந்தார். அறுபத்தொரு வயது. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் நாற்பது பக்க நோட்டு.

"இது ரொம்பச் சத்தம் போடுதும்மா," என்றார்.

"ஸ்பீக்கர் கோளாறா சார்?"

"இல்ல. சும்மா சும்மா கூப்பிடுது."

நோட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். காலை 5.52, விளையாட்டு. 6.10, செய்தி. 6.14, 'உங்கள் போனில் குப்பை சேர்ந்துள்ளது'. 6.40, வானிலை. 7.05, கடை, தள்ளுபடி. ஒரே நாளில் நாற்பத்து மூன்று வரி.

"எல்லாத்தையும் எழுதுவீங்களா?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தேன். எந்த வண்டி எப்ப உள்ளே வந்துச்சு, எப்ப வெளியே போச்சுன்னு எழுதுற வேலை. ரிட்டையர் ஆகியும் கை நிக்க மாட்டேங்குது."

கௌசர் பக்கத்தைப் புரட்டினாள். வலது ஓரத்தில் கடைசியாக ஒரு கட்டம். அதன் தலையில் 'ஆள்' என்று எழுதியிருந்தார். கூப்பிட்டது மனிதர் என்றால் அதில் ஒரு குறி போடுவார் போல. அந்தப் பக்கத்தில் குறி ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை.

அவள் நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய்ப் பார்க்கிறேன்," என்றார் அருமைநாதன். "அடுப்புல பால் இருந்தாலும் போறேன். போய்ப் பார்த்தா, ஏதோ ஒரு விளையாட்டு, 'உங்களைக் காணோமே, வாங்க விளையாடலாம்'ங்குது. நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை."

"அதெல்லாம் கம்பெனியே போட்டு அனுப்புற ஆப் சார். நோட்டிபிகேஷனை அணைச்சு வைக்கலாம்."

"அணைச்சேன். அப்டேட் வந்துச்சு, மறுபடி ஆரம்பிச்சுடுச்சு. நீக்கலாம்னு பார்த்தா அந்த பட்டனே இல்லை. என் போன்ல, என்னைக் கேக்காம வந்து உட்கார்ந்திருக்கு. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்குது."

"ரூட் பண்ணினா எடுக்கலாம்."

"ரூட்னா?"

"இப்ப இந்தப் போன்ல நீங்க வாடகைக்கு இருக்கீங்க. ரூட் பண்ணினா வீடு உங்க பேருக்கு வந்துடும். எந்தச் சுவரை வேணும்னாலும் இடிக்கலாம்."

"நல்லதுதானே?"

"கூரை விழுந்தா கம்பெனிக்காரன் வர மாட்டான்."

அருமைநாதன் நோட்டை மூடினார்.

"சரிம்மா. ஆனா நீங்க செஞ்சு கொடுக்க வேணாம். எனக்குக் கத்துக்கொடுங்க."

கௌசர் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எதுக்கு சார்? நான் அரை நாள்ல முடிச்சுக் கொடுத்துடுவேனே."

"எனக்கு நேரம் இருக்கு," என்றார் அவர்.

"ரெண்டு மணிக்கு வாங்க. அப்பக் கூட்டம் இருக்காது."

மறுநாள் அவர் ஒன்று ஐம்பத்தெட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு நிமிடம் மாடிப்படியில் நின்றிருந்துவிட்டு, சரியாக இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தார். கௌசர் இரண்டாவது ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவர் அவளை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ரூட் செய்யும்போது போனில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். அதனால் வேண்டியவற்றை முதலில் எடுத்து வைக்கச் சொன்னாள். படங்கள் பதினேழு. தொலைபேசி எண்கள் ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டு, கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் எண்கள்.

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதான்."

ரூட் முடிந்த பிறகு போனில் இருக்கும் எல்லாச் செயலிகளின் பட்டியலையும் போன் திரையிலேயே வரவழைத்தாள். பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

அருமைநாதன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு பேரா உள்ளே இருக்காங்க!"

"இதுல பாதிக்கு மேல நமக்கு முகமே காட்டாது. பின்னாடி வேலை செய்யும்."

"டீச்சர், இதுல எது வேணும், எது வேணாம்னு எப்படித் தெரியும்?"

கௌசர் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். சோதனைக்காக அவள் வைத்திருந்தது. அதன் பட்டியலைத் திறந்து, "ஒரு பேரைக் காட்டுங்க. உங்களுக்கு அர்த்தம் புரியாத பேரா இருக்கணும்," என்றாள்.

அவர் தயங்கி ஒன்றின் மேல் விரல் வைத்தார். அவள் அதை நீக்கினாள். போனை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தாள்.

கம்பெனியின் சின்னம் வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது. அப்படியே வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். கௌசர் அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

"என்ன செய்யுது டீச்சர்?"

"எடுத்ததைத் தேடுது."

"நான் காட்டினது அவ்வளவு முக்கியமானதா?"

"எனக்கும் தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சுது."

பிறகு அவள் அதற்கு உயிர் கொடுக்கும் முறையைக் காட்டினாள். அதோடு ஒரு விதியும் சொன்னாள். எதையும் உடனே நீக்கக் கூடாது. முதலில் முடக்கி மட்டும் வைக்க வேண்டும். முடக்கினால் அது இருக்கும், ஆனால் அசையாது. ஏழு நாள் அப்படியே போனைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். எதுவும் நிற்கவில்லை, எதுவும் அதைத் தேடவில்லை என்றால் எட்டாம் நாள் நீக்கலாம்.

"ஏழு நாள் எதுக்கு? ஒரு நாள் போதாதா?"

"சிலதுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் வேலை வரும் சார்."

அருமைநாதன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்படியே நாட்கள் போயின. இரண்டு மணிக்கு வருவார். ஒரு செயலியை முடக்குவார். ஏழு நாள் முன்பு முடக்கியதை நீக்குவார். எழுதுவார். நாலு மணிக்குக் கிளம்புவார். இடையில் கொஞ்சம் பேச்சு.

அவர் மனைவி ஜெசிந்தா ஓசூரில் இருந்தாள். மகள் பிரின்ஸிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். ஆறு மாதம் ஒரு வருடமானது. பிள்ளைகளுக்கு இப்போது மூன்று வயது.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லை டீச்சர்," என்றார். "சண்டைன்னா சமாதானம் பண்ணலாம். அவளுக்கு அங்கே வேலை இருக்கு. எனக்கு இங்கே வீடு இருக்கு. அவ்வளவுதான். அவகிட்ட இருக்கிறது பட்டன் போன். முன்னாடி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூப்பிடுவா. இப்ப பிள்ளைங்க விடுறதில்லை போல."

கௌசர் கேட்டுக்கொண்டிருந்தாள்.  

ஜூலை பாதிக்குள் பத்தொன்பது செயலிகள் போயிருந்தன. விளையாட்டு போனது. செய்தி போனது. குப்பை சேர்ந்திருக்கிறது என்று பயம் காட்டியது போனது. கடை போனது. கடைசியாக வானிலை மட்டும் மீதி இருந்தது. அதையும் ஒரு வியாழக்கிழமை முடக்கினார்கள்.

சனிக்கிழமை வந்தபோது அருமைநாதன் நோட்டு கொண்டுவரவில்லை.

"என்ன சார், சத்தம் நின்னுதா?"

"நின்னுடுச்சு. நேத்து முழுக்க ஒரு சத்தம்கூட இல்லை."

"நல்லதாப் போச்சு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை மேஜையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்த வானிலையை மட்டும் திரும்பப் போட்டுடலாமா?"

"ஏன் சார்?"

"அது நல்ல மாதிரிதான் பேசும். 'உங்கள் ஊரில் இன்று மாலை மழை வரலாம்'னு சொல்லும். உங்கள் ஊர்னு சொல்லும்."

கௌசர் ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அது உங்களுக்கு மட்டுமா சொல்லுது?"

அருமைநாதன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தாமல், ஏதோ கணக்குப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"நேத்து உட்கார்ந்து யோசிச்சேன் டீச்சர். என்னை ரிட்டையர் பண்ணி அனுப்பி மூணு வருஷம் ஆச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தேன். வண்டியெல்லாம் நேரத்துக்குப் போகுது. என் நாற்காலியில ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு, நல்லா எழுதுது. ஓசூர்லயும் எல்லாம் நடக்குது. நீங்க சொன்னது ஏழு நாள். எனக்கு மூணு வருஷம். முடக்கி வெச்சும் எதுவும் நிக்கலை. எதுவும் தேடலை."

கௌசரின் கை நின்றது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்போது படியேறி ஒருவர் வந்து, "அக்கா, அவசரம்," என்று ஒரு போனை நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அவர் வரவில்லை.

ஒரு நாள் வராமல் இருக்கலாம் என்று கௌசர் நினைத்தாள். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. இரண்டு இருபதுக்கு அவர் எண்ணைக் கூப்பிட்டாள். இரண்டு முறை மணி போய்த் துண்டானது. கட் செய்கிறார் என்று நினைத்தாள். சனிக்கிழமை தான் கேட்ட கேள்வி அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும். புதன்கிழமை இரண்டு முறை கூப்பிட்டாள். அதே போலத்தான். இரண்டு மணி, பிறகு துண்டிப்பு.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவள் இரண்டாவது ஸ்டூலை இழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் ஏன் போட்டோம் என்று யோசித்தாள். வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதில் உட்காரப் போனார். "அதுல வேணாம், ஆள் வருவாங்க," என்று சொல்லிவிட்டாள்.

யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கடையைச் சாத்துவது அவள் வழக்கம். அன்று வீட்டுக்குப் போகாமல், மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு எடமலைப்பட்டிப்புதூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினாள். முதல் நாள் எழுதிய ரசீதில் அவர் முகவரி இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மனம் எங்கெங்கோ போனது. சனிக்கிழமை அவர் சொன்னதை மறுபடி மறுபடி நினைத்தாள். இறங்கியதும் வேகமாக நடந்தாள்.

மாடி இல்லாத சின்ன வீடு. கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். பதில் இல்லை. மறுபடி பலமாகத் தட்டினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கதவு திறந்தது. அருமைநாதன் கையில் கரண்டியோடு நின்றார்.

"டீச்சர்!"

கௌசருக்கு மூச்சு வாங்கியது. 

"ஏன் சார் போனைக் கட் பண்றீங்க?"

"நானா?"

"செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன். புதன்கிழமை ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"போன் அடிக்கவே இல்லையே டீச்சர். உள்ளே வாங்க. வாங்க."

அவர் அவசரமாக நாற்காலியின் மேலிருந்த துண்டை எடுத்தார். வீடு சுத்தமாக இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு செம்பு. போன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. எடுத்து அவளிடம் காட்டினார். சார்ஜ் நிறைந்திருந்தது. நேரம் சரியாகக் காட்டியது. டவர் இருந்தது.

கௌசர் தன் போனிலிருந்து அவர் எண்ணைக் கூப்பிட்டாள்.

அவள் காதில் மணி போனது. அருமைநாதனின் கையிலிருந்த போன் கருப்பாகவே இருந்தது. சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. இரண்டாவது மணியில் துண்டானது.

அருமைநாதன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன எடுத்தீங்க சார்?"

அவர் கீழே பார்த்தார். அறுபத்தொரு வயது மனிதர், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர் போல நின்றார்.

"திங்கக்கிழமை எடுத்தேன்."

"முடக்கினீங்களா?"

"இல்ல. நேரா நீக்கினேன். ஒண்ணை எடுத்தேன், ஒண்ணும் ஆகலை. இன்னொண்ணு எடுத்தேன், அப்பவும் ஒண்ணும் ஆகலை. அப்புறம் கை நிக்கலை டீச்சர்."

"எத்தனை?"

"எண்ணலை."

எண்ணாமல் எதையும் செய்யாதவர் அப்படிச் சொன்னது கௌசருக்கு என்னவோ போல இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். போனைச் சொருகினாள். நீக்கியவற்றின் பதிவு அதில் இருந்தது. மொத்தம் முப்பத்தொன்று. திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் தொடங்கி, இருபது நிமிடத்தில் முடித்திருந்தார். கடைசிப் பெயரில் அவள் விரல் நின்றது.

"'டெலிகாம்'. இதை ஏன் எடுத்தீங்க?"

"சிம் கம்பெனிக்காரன் விளம்பரம் அனுப்பத்தான் அதை வெச்சிருக்கான்னு நினைச்சேன்."

"வர்ற போன் காலை உள்ளே விடுறதும், போற காலை வெளியே அனுப்புறதும் இதுதான் சார்."

அருமைநாதன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மணி இரண்டு நாற்பத்தைந்து. உதடு அசைந்தது.

"நாலு நாள், மூணு மணி, அஞ்சு நிமிஷம்," என்றார்.

கௌசர் வேலையில் இறங்கினாள். முதல் நாளே மடிக்கணினியில் எடுத்து வைத்திருந்த செயலிகளின் நகலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்த வாடை வந்தது. அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், இந்த நாலு நாள்ல யாராவது கூப்பிட்டிருந்தா, இப்பத் தெரியுமா? மிஸ்டு கால்னு காட்டுமா?"

"காட்டாது சார்."

"எங்கேயாவது பதிஞ்சிருக்காதா?"

"போன் வரைக்கும் வந்திருக்கும். ஆனா வந்தது போனுக்கே தெரியாது."

"அப்ப யாராவது கூப்பிட்டாங்களா இல்லையான்னு..."

"தெரியாது சார்."

அவர் தலையை ஆட்டினார். அவள் சொன்னதை மனதுக்குள் எழுதிக்கொள்வது போல மறுபடியும் ஆட்டினார்.

"அவ கூப்பிட்டிருக்க மாட்டா," என்றார். "இந்த நாலு நாள்ல ஞாயித்துக்கிழமையே வரலையே." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சொல்ல முடியாது," என்றார்.

போன் எழுந்தது. கௌசர் அதை அவரிடம் நீட்டினாள்.

"ஒரு கால் போட்டுப் பாருங்க சார். சரியாப் போகுதான்னு பார்க்கணும்."

அருமைநாதன் போனை வாங்கினார். எண்களின் பட்டியலைத் திறந்தார். மேலே போனார், கீழே வந்தார்.

"யாருக்கு?"

"எனக்கே போடுங்க."

"உங்க நம்பர் என்கிட்ட இல்லையே டீச்சர்."

ஒன்றரை மாதம் விடாமல் வந்தவர். கௌசர் தன் எண்ணைச் சொன்னாள். அவர் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். அவள் பைக்குள் மணி அடித்தது. இருவரும் அது ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் மடிக்கணினியை மூடினாள். கம்பியைச் சுற்றிப் பையில் வைத்தாள். எழுந்துகொண்டாள். அருமைநாதன் எழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு என்ன கஷ்டமா இருக்குன்னா டீச்சர்," என்றார், "நாலு நாள் இது செத்துக் கிடந்திருக்கு. மேலே வெளிச்சம், நேரம், டவர், எல்லாம் சரியா இருக்கு. உள்ளே செத்துக் கிடந்திருக்கு. நீங்க வராம இருந்தா இன்னும் எத்தனை நாளோ. உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியலை. கூடவே இருந்த எனக்கே தெரியலை. அதெப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

கௌசர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். நிமிர்ந்தாள்.

"இதுல வெளியேயும் கால் போகலை சார். நாலு நாள்ல ஒரு தடவை நீங்க யாரையாவது கூப்பிட்டிருந்தா, முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

அருமைநாதன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

அவள் வெயிலில் இறங்கி நடந்தாள். பக்கத்து வீட்டு நாய் மறுபடி குரைத்தது. தெரு திரும்பும் இடத்தில் நின்று ஒரு முறை பார்த்தாள். அவர் வாசலுக்கு வந்திருந்தார். போனைக் காதோடு சேர்த்துப் பிடித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மணி போவதைக் கேட்பவர் போலப் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.